நாம்பன் கன்றும் நம் கடமையும்

நோயுற்று வீழ்ந்துகிடக்கும் ஓர் உயிரைத் தூக்கி நிறுத்தும் கடமை மனிதனுக்கு எங்கிருந்து வருகின்றது? அவ்வுயிரால் அவனுக்கு விளையக்கூடிய பயனிலிருந்து வருகின்றதா? மறுமையிற் கிடைக்கும் என நம்பப்படும் புண்ணியத்திலிருந்து வருகின்றதா? அன்றி, இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட வேறோர் உறவிலிருந்து பிறக்கின்றதா? அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவந்த இவ்வினாவை நாம் ஒரு கன்றை முன்னிறுத்தி ஆராய விரும்புகின்றோம். நாம் குறிப்பிடுவது புராணத்துக் காமதேனுவின் கன்றை அன்று. தாயை இழந்து, கழிச்சல் கண்டு, கால்களை ஊன்றி நிற்கமாட்டாது சாக்கின்மீது கிடக்கும் நாட்டு மாட்டுக் கன்றையே குறிப்பிடுகின்றோம். அதுவும் பால்தரும் பசுவாக வளரக்கூடிய நாகு அன்று, நாம்பன்.

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ-32 வீதியில், மன்னார் மாவட்டத்தின் வட எல்லையை அண்டிக் கிடக்கும் ஊர் வெள்ளாங்குளம். தெற்கே இலுப்பைக்கடவை, மேற்கே கடலோரமாகத் தேவன்பிட்டி, வடக்கே எல்லை தாண்டினால் கிளிநொச்சி மாவட்டத்து முழங்காவில். ஒருபுறம் கடலும் மறுபுறம் காடும் நடுவிலே குளமும் வயலுமாக வாழும் மக்களுக்கு மாடு ஒரு சேமிப்பு. கைப்பணம் இல்லாத காலத்தில் பிள்ளையின் படிப்புக்கும், வீட்டார் மருத்துவத்துக்கும், நன்மை தீமைகளுக்கும் கைகொடுப்பது பட்டியிலுள்ள மாடே. ஆதலால் இங்கே மாட்டைப்பற்றிப் பேசுவது மனிதரின் வாழ்வைப்பற்றிப் பேசுவதேயாகும்.

2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வங்கக்கடலில் உருவாகிய மாண்டஸ் புயல், 9ஆம் திகதி இரவு தமிழ்நாட்டின் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. இலங்கையின் வடக்கையும் கிழக்கையும் அது நேரே தாக்கவில்லை. ஆயினும் அந்நாட்களில் வீசிய கடுங்குளிர் காற்றும் மழையும் இவ்விரு மாகாணங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளையும் ஆடுகளையும் கொன்றன. வெயிலுக்குப் பழகிய, மேய்ச்சல் குன்றி மெலிந்திருந்த உடல்கள் அக்குளிரைத் தாங்கவில்லை. திறந்தவெளிப் பட்டிகளில் இரவெல்லாம் நனைந்து நின்ற மாடுகள் விடியும்போது விறைத்துக் கிடந்தன. அத்தகைய மாரியில் முதலிற் சாய்வன கன்றுகளே. மனிதரிடத்தும் பஞ்சமும் கொள்ளைநோயும் வரும்போது முதலிற் சாய்வோர் யார் என்பதை நாம் அறிவோம் அன்றோ?

வெள்ளாங்குளத்தில் ஒரு வீட்டில் நாம் கண்ட கன்றும் இத்தகைய ஒரு மாரியிற் பிறந்ததே. ஈன்ற நான்காம் நாள் தாய்ப்பசு இறந்துபட்டது. கன்றுக்குக் கடும்புப் பால் கிடைத்திருந்தது. அது ஒரு பெரும் பேறு. மனிதக் குழந்தை நோயை எதிர்க்கும் ஆற்றலிற் பெரும்பகுதியைத் தாயின் கருவறையிலேயே பெற்றுக்கொள்கின்றது. கன்றுக்கு அவ்வாறில்லை. பசுவின் நச்சுக்கொடி அவ்வாற்றலைக் கடத்துவதில்லை. கடும்புப் பாலே அதனைக் கன்றுக்குத் தருகின்றது. பிறந்த முதல் ஆறு மணித்தியாலங்களில் குடிக்கும் கடும்பே சாலச்சிறந்தது. ஒரு நாள் கழிந்தால் கன்றின் குடல் அக்காப்பை உள்வாங்கும் தன்மையை ஏறத்தாழ இழந்துவிடும். ஓர் உயிரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உதவி சிற்சில வேளைகளில் மிகக் குறுகிய கால எல்லைக்குள்ளே செய்யப்படவேண்டியதாய் இருக்கின்றது. பின்னர் எவ்வளவு தாராளமாகக் கொடுத்தாலும் அது ஈடாவதில்லை.

அக்கன்றின் நிறை ஏறத்தாழ இருபது கிலோ. உடல் நிறையிற் பத்திலொரு பங்கு என்ற கணக்கில் நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் பால் வேண்டும். அயல்வீட்டுப் பசுவின் பாலை விலைக்கு வாங்கி, சோடாப் போத்தல் ஒன்றிற் றப்பர்ச் சூப்பியைப் பொருத்தி ஊட்டினர். ஒரு வாரத்துக்குள் கன்றுக்குக் கழிச்சல் கண்டது. கண்கள் குழிவிழுந்தன. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் அது மடிந்தபடியே நின்றது. வாயினுள் விரலை வைத்தாற் சப்பும் இயல்பும் குன்றியது. கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பும் உப்பிழப்புமே. இருபது கிலோ உடலிலிருந்து இரண்டு லீற்றர் நீர் போய்விட்டால் அது எழுந்து நிற்காது. மிருக வைத்தியரின் அறிவுரையைக் கேட்டு, பாலை முற்றாக நிறுத்தாமல், பால் வேளைகளுக்கு இடையே ஜீவனி கரைத்த நீரை இளஞ்சூட்டில் ஊட்டினர். இரவிற் சாக்கினாற் போர்த்தி, அடுப்பங்கரையில் வைக்கோல் பரப்பிக் கிடத்தினர். ஈரமான வைக்கோலை மாற்றினர். அழுக்கான பின்புறத்தைத் துடைத்தனர். போத்தலையும் சூப்பியையும் கொதிநீரிற் கழுவினர்.

போத்தலிற் பாலூட்டுவது எளிய செயல்போலத் தோன்றும். ஆனால் கன்றின் தலையை மிக உயர்த்திப் பாலை அவசரமாக வார்த்தால் அது சுவாசப்பையிற் சென்று கன்றைக் கொன்றுவிடும். கன்று தானே சப்பிக் குடிக்கும்போதுதான் அதன் தொண்டைக்குக் கீழே உள்ள குழாய்மடிப்பு மூடிக்கொண்டு, பாலைச் சீரணிக்கக்கூடிய நான்காம் இரைப்பைக்கு நேரே கொண்டுசெல்கின்றது. வலிந்து ஊற்றப்படும் பால் முதலாம் இரைப்பையில் தேங்கிப் புளிக்கலாம். எனவே ஊட்டுபவன் தன் வேகத்தை விட்டுக் கன்றின் வேகத்துக்கு இறங்கிவரவேண்டும். கொடுப்பவனின் விருப்பப்படி கொடுப்பதும், பெறுபவனின் தேவைக்கேற்பக் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதை அறிய இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. கருணை என்பது வெறும் உணர்ச்சியாயின் இங்கே அது கொலையாகவும் முடியலாம். அறிவும் பொறுமையும் சேரும்போதே அது பராமரிப்பு ஆகின்றது.

அவ்வீட்டுச் சிறுவன் எம் வகுப்பு மாணவன். காலைப் பாலை ஊட்டிவிட்டு வருவதனால் அவன் இரண்டு வாரங்கள் பாடசாலைக்குப் பிந்தியே வந்தான். இது ஆசிரியர் அறையில் ஒரு விவாதத்தைக் கிளப்பிற்று. அங்கே எழுந்த கருத்துகள் மூன்று. அவை அவ்வறைக்கு மட்டும் உரியவை அல்ல; நம் சமுதாயம் முழுவதிலும் உலவுபவை. ஆதலின் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

முதலாவது, கணக்கின் குரல். 'நாம்பன் கன்றுக்கு இத்தனை பாலா? நாகு என்றாலும் ஒரு நியாயம் உண்டு. உழவுக்கு லாண்ட்மாஸ்டரும் உழவு இயந்திரமும் வந்தபின்னர் எருதுக்கு என்ன வேலை? அது குடிக்கும் பாலின் விலையை அது ஒருபோதும் திருப்பித் தராது' என்றார் ஒருவர். கணக்கு தவறென்று நாம் சொல்லமாட்டோம். ஏழைக் குடும்பம் கணக்குப் பார்க்காமல் வாழமுடியாது. கணக்குப் பார்ப்பது இழிவும் அன்று. ஆனால் இக்கணக்கின் அளவுகோல் யாரால் வகுக்கப்பட்டது என்பதே நம் வினா. பண்டத்தைப் பண்டமாற்று மதிப்பினால் மட்டும் அளக்கும் சந்தை, முதலில் நாம்பன் கன்றைப் 'பயனற்றது' என்று குறிக்கின்றது. அதே அளவுகோல் பின்னர் வேலைசெய்யமுடியாத முதியவரையும், போரில் அவயவம் இழந்தவரையும், கற்பதிற் பின்தங்கிய மாணவரையும் நோக்கி நீளாது என்பதற்கு என்ன உறுதி? உயிரின் மதிப்பை அதன் விளைச்சலால் அளக்கும் பழக்கம் தொழுவத்தில் தொடங்கித் தொழுவத்திலேயே நின்றுவிடும் பழக்கம் அன்று. உழைக்கும் மக்களை 'ஆள்பலம்' என்று எண்ணும் உலகம் இந்தப் பழக்கத்திலேதான் வளர்ந்திருக்கின்றது.

இரண்டாவது, புண்ணியத்தின் குரல். 'பசு தெய்வம், அதன் கன்றைக் காப்பவன் புண்ணியம் அடைவான்' என்றார் மற்றொருவர். இக்குரலில் கனிவு உண்டு என்பதை மறுக்கமாட்டோம். ஆனால் புண்ணியம் கருதிச் செய்யும் உதவியில் நோக்கம் உதவி பெறுபவனிடமிருந்து விலகி உதவுபவனிடம் சென்றுவிடுகின்றது. மேலும், பசுவுக்குக் கிடைக்கும் தெய்வத்தன்மை எருமைக் கன்றுக்கும் கழுதைக் குட்டிக்கும் கிடைப்பதில்லை. மன்னாரிலோ கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்கின்றனர். ஒருவருக்கு மாடு தெய்வம், மற்றொருவருக்கு உணவு. இருவர் கொட்டிலிலும் கன்று கழிச்சலால் வாடும்போது அதன் துன்பம் ஒன்றே. மாட்டைத் தெய்வமாக்குவோரிடம் மட்டுமே கடமையை ஒப்படைத்தால், அது பொது அறம் ஆகாது.

இவ்விடத்தில் இன்னொன்றையும் கூறவேண்டும். 2020ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலங்கையில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை உடன்பட்டது. மாடு எவ்வாறு சாகக்கூடாது என்று சட்டம் வகுப்பது எளிது. அதற்குச் செலவும் இல்லை. ஒரு சிறுபான்மையினரின் தொழிலையும் உணவையும் சந்தேகக் கண்ணுக்கு இலக்காக்கும் அரசியலுக்கும் அது பயன்படும். மாடு எவ்வாறு வாழவேண்டும் என்ற வினாவுக்கோ மேய்ச்சற்றரை வேண்டும், மருந்து வேண்டும், மழைக்கு ஒதுங்கக் கொட்டில் வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்து மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளுக்காகப் பாற்பண்ணையாளர் 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் வீதியோரத்தில் அமர்ந்து போராட்டம் தொடங்கவேண்டி நேர்ந்ததை நோக்குமிடத்து, மாட்டின்பால் உள்ள பக்தியும் மாட்டை வளர்க்கும் மனிதன்பால் உள்ள அக்கறையும் ஒன்றல்ல என்பது தெளிவாகும்.

மூன்றாவது, மனிதாபிமானத்தின் குரல். அதுவே நம்மை மிகவும் சிந்திக்கவைத்தது. 'வகுப்பிலே காலையுணவின்றி வரும் பிள்ளைகள் இருக்கின்றனர். 2021, 2022ஆம் ஆண்டுகளில் பால்மாவுக்காகத் தாய்மார் வரிசையில் நின்றதை நாம் கண்டோம். ஒரு பிள்ளைக்குக் கிடைக்காத இரண்டு லீற்றர் பாலைக் கன்றுக்கு ஊட்டுவது அறமா?' என்று கேட்டார் இளம் ஆசிரியை ஒருவர். இவ்வினாவைத் தட்டிக்கழிப்பவன் நேர்மையுள்ளவன் ஆகான்.

உண்மையிலேயே ஒரே ஒரு போத்தல் பாலும், பசியால் உயிர்போகும் நிலையில் ஒரு பிள்ளையும் ஒரு கன்றும் நம் முன்னே இருப்பின், பாலைப் பிள்ளைக்கே கொடுப்போம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்நிலை இங்கே இருந்ததா? கன்று குடித்த பாலினாலா பிள்ளை பசித்திருந்தது? உள்நாட்டுப் பாற்பண்ணையை வளர்க்காது, நாட்டின் பாற்றேவையிற் பெரும்பகுதியை இறக்குமதிப் பால்மாவில் தங்கவைத்த கொள்கையினால் அன்றோ, அந்நியச் செலாவணி வற்றியபோது கடைத்தட்டுகளும் வெறுமையாயின? ஏழைப் பிள்ளையையும் ஏழை வீட்டுக் கன்றையும் ஒரு போத்தலுக்காக எதிரெதிரே நிறுத்தும் நிலைமை இயற்கையால் விதிக்கப்பட்டதன்று. அந்நிலைமையை உருவாக்கியவரைக் கேள்வி கேளாது, அந்த இருவரில் யாருக்கு என்று மட்டும் நாம் வாதிடுவோமாயின், வறுமையைப் பங்கிடுவதையே நீதி என்று ஏற்றுக்கொண்டவர் ஆவோம்.

அன்றியும், கன்றுக்கும் பிள்ளைக்கும் இடையே உள்ள உறவு போட்டி மட்டும் அன்று என்பதை அறிவியல் வரலாறே காட்டுகின்றது. 1796ஆம் ஆண்டில் எட்வர்ட் ஜென்னர் பசுவின் அம்மையிலிருந்தே மனிதரைக் காக்கும் பெரியம்மைத் தடுப்பைக் கண்டார். 1960ஆம் ஆண்டில் ரொபேர்ட் கிரேன் என்னும் உயிர்வேதியியலாளர், குடலிலே குளுக்கோசும் உப்பும் ஒன்றையொன்று துணைக்கொண்டு உட்புகும் என்பதை விளக்கினார். அவை உட்புகும்போது நீரும் உடன்செல்லும். இவ்வியல்பு கழிச்சலிலும் பெரும்பாலும் அழிவதில்லை. 1971ஆம் ஆண்டில் வங்காளதேசப் போரினால் இடம்பெயர்ந்தோர் நிறைந்த பொன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவிற்று. நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை உறவினர் கையாலேயே நோயாளருக்குப் பருகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. அதே உண்மைதான் பின்னர் உலகெங்கும் கன்றுகளுக்கும் பயன்பட்டது. வெள்ளாங்குளத்து அடுப்பங்கரையிற் கன்றுக்குக் கரைக்கப்பட்ட ஜீவனி, அகதி முகாமிலே பிள்ளைகளைக் காத்த அறிவின் வழித்தோன்றலே. ஓருயிரின் துன்பத்தைத் தீர்க்கக் கற்றவன் மற்றோர் உயிரின் துன்பத்தையும் தீர்க்கக் கற்கின்றான். அறிவிலே இப்பொதுமை இருக்க, அறத்திலே மட்டும் ஏன் சுவர் எழுப்பவேண்டும்?

இம்மூன்று குரல்களையும் கேட்டபின்னர் நாம் மாணவனையே கேட்டோம்: 'தம்பி, இது நாம்பன் கன்று. பிழைத்தாலும் உங்களுக்கு என்ன பயன்?' அவன் சற்றே விழித்தான். 'அதுக்கு வேற ஆர் இருக்கினம், சேர்?' என்றான்.

நம் நோக்கில், ஆராயவேண்டிய தத்துவம் அவ்விடையிலேதான் இருக்கின்றது. மெய்யியலாளர் இக்கடமையைப் பலவாறு விளக்கியுள்ளனர். 1789ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஜெரமி பெந்தம், விலங்கின் உரிமைக்கு அளவுகோல் பேச்சும் பகுத்தறிவும் அல்ல, துன்பத்தை உணரும் ஆற்றலே என்று வாதிட்டார். இமானுவேல் கான்ற், விலங்கை வதைப்பவன் மனிதனிடத்தும் வன்மனத்தன் ஆவான் என்பதனாலேயே அதனைத் தவிர்க்கவேண்டும் என்றார். நம் மரபிலே இராமலிங்க அடிகள் ஜீவகாருண்யத்தை வழிபாட்டுக்கும் மேலாக வைத்து, 1867ஆம் ஆண்டில் வடலூரிற் பசித்தோர்க்கு உணவளிக்கும் தருமசாலையைத் தொடங்கினார். இவற்றுள் ஒவ்வொன்றும் உண்மையின் ஒரு பகுதியைச் சொல்கின்றது. எனினும், எல்லா உயிரும் துன்புறும் எனில், இந்தக் கன்றுக்கு ஏன் இந்த வீட்டார் கடமைப்பட்டவர் என்பதற்கு இவற்றில் முழுமையான விடை இல்லை.

மாணவன் அவ்விடையைத் தந்தான். கன்று காட்டிலே பிறந்த மான்குட்டி அன்று. அதன் முன்னோரை மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கட்டி, பழக்கி, பாலைக் கறந்து, ஏரிற் பூட்டித் தன் வாழ்வோடு பிணைத்தான். அப்பிணைப்பினால் மனிதன் வளர்ந்தான். மாடோ தனித்து வாழும் ஆற்றலிற் பெரும்பகுதியை இழந்தது. ஓர் உயிரை நம்மைச் சார்ந்து வாழும்படி செய்து, அதனால் வரும் பயனையும் பெற்றுக்கொண்டபின், அது நோயுறும்போது 'பயனில்லை' என்று கைவிடுதல் கருணைக் குறைவு மட்டும் அன்று, கடனை மறுத்தல். உழைப்பாளியின் உழைப்பை ஆண்டுக்கணக்காகப் பெற்றுவிட்டு, அவன் படுக்கையில் வீழ்ந்ததும் பெயரை வெட்டிவிடும் முதலாளியை நாம் கண்டிக்கின்றோம். அக்கண்டனத்தின் அடிப்படையே இங்கும் பொருந்தும். சார்ந்திருப்பவனின் பலவீனமே, அவனைச் சார்ந்திருக்கச் செய்தவனின் கடமைக்குத் தோற்றுவாய்.

'வளர்ந்தபின் அந்த நாம்பனை விற்றுவிட மாட்டார்களா? விற்றால் அது இறைச்சிக்கடைக்குப் போகாதா?' என்று கேட்கலாம். போகலாம்; மறைப்பதற்கில்லை. ஏழை வீட்டில் எந்த மாடும் என்றேனும் பணமாக மாறவேண்டிய நிலை வரும். மாட்டைக் கொல்லலாமா என்பது தனித்து ஆராயவேண்டிய வினா. ஆனால் நாளை நேரக்கூடிய ஒன்றைக் காட்டி இன்றைய துன்பத்தைத் தீர்க்காமல் விடுவதற்கு நியாயம் தேடமுடியாது. எல்லா நோயாளரும் என்றோ ஒருநாள் இறப்பவர்களே. அதனால் மருத்துவம் வீண் என்று எவரும் சொல்வதில்லை. அவ்வாறே, பராமரிப்பின் மதிப்பை விளைவால் மட்டும் அளப்பதும் பிழை. இக்கன்று பிழைத்தது. பத்தாம் நாள் தானே எழுந்து போத்தலைத் தேடி வந்தது. ஒரு மாதத்தில் முற்றத்துப் புல்லை முகர்ந்து திரிந்தது. ஆனால் அது இறந்திருப்பினும் அவ்வீட்டார் செய்தது சரியானதாகவே இருந்திருக்கும்.

இங்கே நம் மரபுக் கதையொன்று நினைவுக்கு வருகின்றது. திருவாரூரில் தேர்க்காலில் அகப்பட்டு இறந்த கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது, பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. அநுராதபுரத்தில் நாற்பத்துநான்கு ஆண்டுகள் ஆண்ட எல்லாளனைப்பற்றி மகாவம்சமும் இதே கதையைக் கூறுகின்றது. தமிழரின் நூலும் சிங்களரின் நூலும் ஒரே கன்றின் சாவைக்கொண்டு நீதியின் உயர்வை அளந்திருக்கின்றன என்பது இரு மக்களும் எண்ணிப்பார்க்கத்தக்க உண்மை. ஆயினும் அக்கதையில் ஒரு குறை நமக்குத் தோன்றுகின்றது. நீதி அங்கே கன்று இறந்தபின்னரே எழுகின்றது. மணி ஒலித்தபின் மன்னன் வருகின்றான், குற்றவாளி தண்டிக்கப்படுகின்றான். பெரியபுராணத்தில் இறைவன் தோன்றிக் கன்றை உயிர்ப்பிக்கின்றான். அத்தகைய முடிவு நடைமுறை வாழ்வில் நமக்கு வாய்ப்பதில்லை. இறந்த கன்றுக்கு நீதி வழங்கிய மன்னரை இலக்கியம் போற்றிற்று. இறவாமல் ஒரு கன்றைக் காத்த கைகளின் பெயரை அது குறித்துவைக்கவில்லை. சட்டத்தின் இயல்பும் இதுவே. விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வதைத்தவனுக்கு நூறு ரூபாவுக்கு மேற்படாத தண்டத்தை விதித்தது. நள்ளிரவில் எழுந்து பாலைச் சூடாக்குபவருக்குச் சட்டப் புத்தகத்தில் இடமில்லை.

அவ்வாறு எழுந்தவர் யார்? நாம் மாணவனைப் பாராட்டினோம், ஊரும் பாராட்டிற்று. ஆனால் காலைப் பாலை மட்டுமே அவன் ஊட்டினான். நள்ளிரவிலும் பின்னிரவிலும் எழுந்தவர் அவனுடைய தாய். போத்தல் கழுவியவரும், வைக்கோல் மாற்றியவரும், கழிச்சலைத் துடைத்தவரும் அவரே. பகலில் கூலிவேலைக்கும் அவர் சென்றார். உலகைத் தாங்கிநிற்கும் பராமரிப்பு உழைப்பிற் பெரும்பகுதி இவ்வாறே பெண்களின் தோளில், கூலியும் பெயரும் இன்றிச் சுமத்தப்பட்டிருக்கின்றது. 'தாயுள்ளம்' என்று புகழ்ந்துவிட்டு நாம் உறங்கச் செல்கின்றோம். பராமரிப்பு உயர்ந்த அறம் எனில், அதனை எல்லோரும் பகிர்ந்துகொள்ளவேண்டும். பகிர்ந்துகொள்ள மறுப்பவனின் புகழுரை, சுரண்டலுக்குச் சூட்டும் மாலை.

இறுதியாக, கடமைக்கும் இயலுமைக்கும் உள்ள தொடர்பை எண்ணவேண்டும். 2008ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 2ஆம் திகதி இராணுவம் வெள்ளாங்குளத்தைக் கைப்பற்றியது. அதற்கு முன்னரே இப்பகுதி மக்கள் பிள்ளைகளையும் கையில் அகப்பட்டதையும் கொண்டு கிளிநொச்சித் திசை நோக்கி இடம்பெயர்ந்தனர். மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சென்றவர் பலர். அது கைவிடுதலா? இல்லை. கட்டியிருந்தால் அவை கட்டிலேயே செத்திருக்கும். அவிழ்த்துவிடுவதே அவர்களால் இயன்ற கடைசிப் பராமரிப்பு. செய்ய இயலாததைச் செய்யாதவனைக் குற்றவாளி ஆக்குவது அறமன்று. ஆனால் இவ்வுண்மைக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. இயலுமை இருந்தால்தான் கடமை உண்டு எனில், மக்களின் இயலுமையைப் பறிப்பவர்கள் அவர்களுடைய அறவாழ்வையே பறிக்கின்றனர். போர் வீடுகளை மட்டும் அழிக்கவில்லை. தன் முற்றத்து உயிரைக் காக்கும் மனிதனின் ஆற்றலையும் அழித்தது. போர் ஓய்ந்தபின்னர் வறுமையும் அதனையே செய்கின்றது. காலபோகத்தில் வயல்கள் எல்லாம் விதைக்கப்பட்டு, காட்டுக்குள்ளும் செல்லத் தடையிருந்தால், மாட்டை எங்கே மேய்ப்பது? மருந்து வாங்கப் பணமும், வைத்தியரை அழைக்க வழியும் இல்லாதவனிடம் ஜீவகாருண்யம் போதிப்பதால் என்ன பயன்?

ஆதலால் 'கன்றைக் காப்பது யார் கடமை?' என்ற வினாவுக்கு விடை இரு பகுதிகளை உடையது. பாலை ஊட்டும் கை அவ்வீட்டாரின் கை. அக்கை பாலூட்டுவதற்கு வேண்டிய சூழலைப் படைப்பது சமுதாயத்தின் கடமை. குறித்தொதுக்கப்பட்ட மேய்ச்சற்றரை, கிராமத்தை எட்டும் மிருக வைத்திய சேவை, புயலுக்கு முன்னரே விடுக்கப்படும் எச்சரிக்கை, மழைக்கு ஒதுங்கும் கொட்டிலுக்கு உதவி, பாலுக்கு நியாயமான விலை ஆகியவை சலுகைகள் அல்ல. 2022ஆம் ஆண்டின் குளிரில் மாண்ட மாடுகள் ஒவ்வொன்றும், அதனை வளர்த்தவரின் அன்புக் குறைவால் மாளவில்லை. தனிமனிதரின் அன்புக்கு மேலே ஒரு கூரை இல்லாமையால் மாண்டன.

ஆசிரியராகிய நமக்கு இதிலே ஒரு சிறப்பான பங்குண்டு. பாடநூலில் அருளுடைமையைக் கற்பித்து, அதிகாரத்தை மனனம் செய்வித்து, புள்ளி வழங்கும் நாம், அருளுக்காகப் பிந்தி வரும் மாணவனை எவ்வாறு நடத்துகின்றோம்? அம்மாணவனின் பிந்திய வரவைப் பதிவேட்டில் உள்ளபடியே குறித்தோம். பதிவேட்டிற் பொய் எழுதுவது எவருக்கும் நன்மை தராது. ஆனால் தவறவிட்ட பாடத்தை மாலையில் இருந்து சொல்லிக்கொடுத்தோம். அவனோடு சேர்ந்து படிக்க வேறு மூவர் தாமாகவே இருந்தனர். அவர்களுள் இருவர் மறுநாள் முதல் முறைவைத்துக் காலைப் பாலை ஊட்டச் சென்றனர். அன்றிலிருந்து எவரும் பிந்தவில்லை. ஒருவன் தனித்துச் சுமந்தபோது பாடத்துக்கும் கன்றுக்கும் இடையே எழுந்த முரண்பாடு, மூவர் பகிர்ந்துகொண்டதும் கரைந்துபோயிற்று.

பயனற்றவை என்று தள்ளப்பட்ட உயிர்கள் நம் கொட்டில்களில் மட்டுமன்றி நம் தெருக்களிலும் வைத்தியசாலை விறாந்தைகளிலும் வகுப்பறைகளின் கடைசி வாங்குகளிலும் இருக்கின்றன. அவற்றைக் காக்கும் கடமை இரக்கமுள்ள சிலரின் தனிக்குணமாக எஞ்சும்வரை, அவர்கள் களைத்துப்போவர், உயிர்களும் மாளும். அது எல்லோரும் முறைவைத்துச் செய்யும் பொதுவேலையாக மாறும் நாளிலேதான் நாம் நாகரிகத்தைப்பற்றிப் பேசும் தகுதியைப் பெறுவோம்.